பசிக்குத் தோலைத் தின்னலாமா? காட்டில் மாட்டிக்கொண்டால் பெல்ட்டும் செருப்பும் எவ்வளவு உதவும்

மலையேற்றத்துக்குப் புதிதாக வருகிறவர்களோடு முதல் ராத்திரி முகாமில் உட்கார்ந்து பேசினால் இந்தக் கேள்வி எப்படியும் வந்துவிடும். "அண்ணே, வழி தவறி நாலு நாள் மாட்டிக்கிட்டா பெல்ட்டை வேகவெச்சுச் சாப்பிட்டுப் பொழைச்சுக்கலாமாமே, நிஜமா?" கேட்கிறவர் எங்கேயோ படித்திருப்பார். பனியில் சிக்கிய வெள்ளைக்காரர்கள் ஷூவைத் தின்ற கதை, சீனக் கம்யூனிஸ்டுப் படையின் நெடும்பயணத்தில் (லாங் மார்ச்) வீரர்கள் இடுப்புவாரை வேகவைத்த கதை. அவை பொய்க் கதைகள் இல்லை. ஆனால் அவர்கள் தின்ற தோலும் இன்று நம் இடுப்பில் இருக்கும் தோலும் ஒன்றில்லை. இது தெரியாமல் யாரும் பெல்ட்டை அடுப்பில் போட்டுவிடக் கூடாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நேரடியான பதில். பதனிடாத பச்சைத் தோல் என்றால் தின்னலாம், அது உணவுதான். மரப்பட்டையில் பதனிட்ட தோல் என்றால், வேறு எதுவுமே இல்லாத கடைசிக் கட்டத்தில், நிறையத் தண்ணீர் கையில் இருந்தால், மிகக் கொஞ்சம் பலன் கிடைக்கலாம். குரோம் போட்டுப் பதனிட்ட தோல் என்றால் வேண்டாம். கடைகளில் வாங்கும் பெல்ட், ஷூ, பர்ஸ் பெரும்பாலும் இந்த மூன்றாவது வகை.

தோல் என்றால் எந்தத் தோல்?

தமிழில் ஆட்டின் உடம்பில் இருப்பதும் தோல், கடையில் தொங்கும் கைப்பையும் தோல். குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஆட்டுக்கால் பாயா வைத்த மறுநாள் காலை ஃபிரிட்ஜைத் திறந்து பாருங்கள். குழம்பு அப்படியே உறைந்து கிடக்கும், கரண்டியால் தட்டினால் தளதளவென்று ஆடும். காலில் இருந்த தோலும் தசைநாரும் வெந்து, அவற்றின் கொலாஜன் என்ற புரதம் கரைந்து ஜெலட்டினாக மாறியதன் அடையாளம் அது. விலங்கின் பச்சைத் தோலில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர், மீதியில் பெரும்பகுதி இந்தக் கொலாஜன். 60 முதல் 65 டிகிரி சூட்டிலேயே அது சுருங்கத் தொடங்கிவிடும், நீண்ட நேரம் கொதிக்கவிட்டால் கரைந்து குழம்பாகும். நைஜீரியாவில் மாட்டுத்தோலைப் பொன்மோ என்று சமைத்துச் சாப்பிடுகிறார்கள். இந்தோனேசியாவில் அதையே அப்பளம்போல் பொரிக்கிறார்கள்.

பச்சைத் தோல் இரண்டு நாளில் அழுகிவிடும். பாக்டீரியாக்கள் அதைத் தின்பதால்தான் அழுகல். அவை தின்ன முடியாதபடி தோலின் நார்களை ஒன்றோடொன்று இறுகக் கட்டிவிடுவதுதான் பதனிடும் வேலை. பாக்டீரியாவின் நொதிகளால் உடைக்க முடியாததை நம் வயிற்று நொதிகள் மட்டும் எப்படி உடைக்கும்? உணவாக இருந்த ஒன்றை உணவாகாமல் ஆக்குவதற்கென்றே ஒரு தொழில் இருக்கிறது, அதன் சரக்குதான் நம் இடுப்பில் இருப்பது. இந்தக் கேள்வியின் பாதி விடை இதிலேயே அடங்கிவிடுகிறது.

பதனிடுவதில் பழைய முறை பட்டை. ஆவாரம்பட்டை, வேலம்பட்டை, கடுக்காய், பின்னாளில் வாட்டில் மரப்பட்டை. இவற்றிலிருக்கும் துவர்ப்புச் சத்தான டானின் நாரைக் கட்டுகிறது. திருச்சி, திண்டுக்கல், ஈரோடு பக்கத்தில் இப்படிச் செய்யும் தோலுக்கு ஈஸ்ட் இந்தியா தோல் என்று உலகச் சந்தையில் தனிப் பெயர் உண்டு, புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது. நிதானமான வேலை, வாரக்கணக்கில் ஆகும்.

புதிய முறை குரோம். 1884ல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ஸ் என்பவர் காப்புரிமை பெற்றபின் அது வேகமாகப் பரவியது. வாரக்கணக்கான வேலை ஒரு நாளில் முடிந்துவிடும். இன்று உலகில் உற்பத்தியாகும் தோலில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் குரோம் தோல்தான். நான் வளர்ந்தது வாணியம்பாடிப் பக்கம். பதனிட்ட தோல்கள் ஈரம் சொட்ட லாரியில் அடுக்கிப் போவதைச் சின்ன வயதில் தினமும் பார்த்திருக்கிறேன். துணிச்சோப்பைக் கரைத்து ஊற்றியது போன்ற வெளிறிய நீலம். டேனரியில் அதை வெட் ப்ளூ என்பார்கள். அந்த நீலம் சாயத்தால் வருவது இல்லை, குரோமியம் உப்பின் நிறம். அப்புறம்தான் அதன்மேல் கறுப்போ பழுப்போ ஏற்றுவார்கள். கறுப்பு பெல்ட்டின் உள்ளேயும் அந்த நீலம் அப்படியே இருக்கிறது. 100 கிராம் குரோம் தோலில் 3, 4 கிராம் அளவுக்குக் குரோமியம் ஆக்சைடு இருக்கும்.

பதனிடப் பயன்படும் மூன்றிணைதிறக் குரோமியம் அவ்வளவு கொடியது இல்லை என்பது உண்மைதான். ஆனால் வெயில், சூடு, நாட்பட வைப்பது போன்றவற்றால் அதில் ஒரு பகுதி ஆறிணைதிறக் குரோமியமாக மாறக்கூடும். அது புற்றுநோய் உண்டாக்குவது, குடலையும் சிறுநீரகத்தையும் தாக்குவது. ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கும் ஒரு ரசாயனத் தொழிற்சாலை வளாகத்தில் மலைபோல் குவிந்திருக்கும் குரோமியக் கழிவும் அதனால் கெட்ட நிலத்தடி நீரும் எங்கள் பக்கத்துக்காரர்களுக்குப் புதிய செய்தி இல்லை. தோல் கழிவுகளால் பாலாறு பட்ட பாட்டுக்கு 1996ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் கரையில் வளர்ந்த ஒருவன் "குரோம் தோலை வேகவைத்துக் குடி" என்று யாருக்கும் சொல்ல மாட்டான்.

தின்றவர்கள் எதைத் தின்றார்கள்?

1520 நவம்பரில் மகெல்லனின் கப்பல்கள் பசிபிக் கடலுக்குள் நுழைந்தன. மூன்று மாதம் இருபது நாள் புதிய உணவே கிடைக்கவில்லை. கூடவே போன அந்தோனியோ பிகஃபெட்டா எழுதி வைத்திருக்கிறார்: பாய்மரத்தில் கயிறு உராயாமல் இருக்கச் சுற்றியிருந்த மாட்டுத்தோலை அவிழ்த்தார்கள். வெயிலும் மழையும் பட்டு அது கல்லாகியிருந்தது. நாலைந்து நாள் கடல்நீரில் ஊறப்போட்டு, தணலில் வாட்டித் தின்றார்கள். நாலைந்து நாள் ஊறல் என்பதைக் கவனியுங்கள், பின்னால் சமையல் முறைக்கு வரும்போது பயன்படும்.

1671ல் பனாமா நகரைக் கொள்ளையடிக்கக் காட்டைக் கடந்த ஹென்றி மார்கனின் ஆட்கள் வழியில் கிடைத்த தோல் பைகளைத் தின்றார்கள். துண்டு போட்டு, இரண்டு கற்களுக்கு நடுவே வைத்து அடித்து, தண்ணீரில் ஊறவைத்து, முடியைச் சுரண்டி, சுட்டு, பொடிப்பொடியாக நறுக்கி, மிடறு மிடறாகத் தண்ணீர் குடித்து விழுங்கினார்களாம். அவர்களுக்குத் தண்ணீருக்குப் பஞ்சமில்லை.

"ஷூவைத் தின்ற மனிதர்" என்று இங்கிலாந்தில் பேர் வாங்கிய ஜான் ஃபிராங்க்ளின் கதைதான் எல்லோரும் சொல்வது. வட கனடாவின் மரமில்லாத வெட்டவெளியில் 1821 இலையுதிர் காலத்தில் அவரது குழு பட்டினியில் மாட்டியது. பாறையில் படரும் பாசியைச் சுரண்டித் தின்றார்கள், பழைய தோல் காலணிகளைத் தின்றார்கள். ஃபோர்ட் என்டர்பிரைஸ் என்ற குடிலுக்குத் திரும்பியபோது அங்கே வைத்திருக்க வேண்டிய இறைச்சி இல்லை. முந்தைய குளிர்காலத்தில் தூக்கியெறிந்த மான் தோல்களைப் பனிக்கடியிலிருந்து தோண்டி எடுத்து, முடியைத் தீயில் பொசுக்கி வேகவைத்தார்கள். எலும்பையும் கொதிக்கவைத்தார்கள், அந்தச் சாறு வாயைப் புண்ணாக்கியது. 20 பேரில் 11 பேர் இறந்தார்கள், எல்லோரும் பசியால் மட்டும் இல்லை. மீந்தவர்களைக் காப்பாற்றியது காலணி இல்லை. அந்த மண்ணின் மக்களின் தலைவரான அகைச்சோ அனுப்பிய வேட்டைக்காரர்கள் நவம்பர் 7 அன்று உலர்ந்த இறைச்சியோடு வந்து சேர்ந்தார்கள்.

1846-47 குளிர்காலத்தில் கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் சிக்கிய டோனர் குழுவினர் குடிசைக்குக் கூரையாகப் போட்டிருந்த மாட்டுத்தோலை இறக்கி, பசைபோல ஆகும்வரை காய்ச்சிக் குடித்தார்கள். இரண்டாம் உலகப் போரில் லெனின்கிராடு முற்றுகையின்போது 1941 நவம்பர் பிற்பகுதியில் வேலைக்குப் போகாதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு நாளைக்கு 125 கிராம் ரொட்டிதான். அங்கே தோல் வாரை வேகவைத்தவர்களும் உண்டு, தச்சர்களின் வஜ்ஜிரப் பசையைக் கரைத்து உறையவைத்து உண்டவர்களும் உண்டு. வஜ்ஜிரம் தோலையும் எலும்பையும் காய்ச்சிச் செய்வதுதானே, அதில் ஜெலட்டின் இருந்தது.

1846க்கு முந்தைய கதைகளிலும் டோனர் குழுவிலும் குரோம் தோலுக்கு இடமே இல்லை. அப்போது அது பிறக்கவில்லை. பச்சைத் தோலையோ புகையிலோ பட்டையிலோ பக்குவப்படுத்தியதையோதான் அவர்கள் தின்றார்கள். இதற்கு நேரெதிராக 1972ல் ஆண்டிஸ் மலையில் விழுந்த உருகுவே விமானத்தின் பயணிகளைச் சொல்லலாம். அவர்களிடம் பெட்டிகளிலிருந்து கிழித்த தோல் இருந்தது. அதில் ஏறியிருக்கும் ரசாயனம் நன்மையைவிடக் கெடுதலே செய்யும் என்று தெரிந்தும் பசியில் முயன்று பார்த்தார்கள். அது உதவவில்லை. இறந்துபோன தோழர்களின் உடல்களை உண்டுதான் 16 பேர் 72 நாள் கழித்து உயிரோடு வந்தார்கள்.

முதல் படி: நாளை எண்ணுங்கள், தண்ணீரை எண்ணுங்கள்

தோலைத் தொடும் முன் இதைச் செய்ய வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு இந்தப் படியிலேயே விஷயம் முடிந்துவிடும்.

சாப்பாடு இல்லாமல் மனிதன் எத்தனை நாள் தாங்குவான் என்பதற்கு நம் வரலாற்றிலேயே வலிமிகுந்த சாட்சிகள் இருக்கின்றன. 1952ல் சென்னையில் பொட்டி ஸ்ரீராமுலு 58 நாள் உண்ணாவிரதம் இருந்து உயிர்விட்டார். 1956ல் விருதுநகரில் சங்கரலிங்கனார் 75 நாளைத் தாண்டியும் தாங்கினார், அதுவும் முதிய வயதில். 1987ல் நல்லூரில் திலீபன் தண்ணீரும் குடிக்க மறுத்தார். பன்னிரண்டாம் நாள் போய்விட்டார். அவர் இருபதுகளில் இருந்த இளைஞர். இந்த மூன்று பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், காட்டில் எதைத் தேட வேண்டும் என்று தெளிவாகிவிடும்.

நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வழி தவறியவர்களைத் தேடும் வேலை வாரங்களில் இல்லை, மணிக்கணக்கிலும் நாள்கணக்கிலும்தான் நடக்கிறது. 2022 பிப்ரவரியில் பாலக்காட்டுக்குப் பக்கத்தில் மலம்புழாவில் ஒரு இளைஞர் செங்குத்துப் பாறையின் இடுக்கில் சோறும் தண்ணீரும் இல்லாமல் 40 மணி நேரத்துக்கு மேல் சிக்கியிருந்தார். ராணுவ மலையேற்ற வீரர்கள் மேலே தூக்கிவந்தார்கள். அந்த நேரத்தில் அவருக்குத் தேவைப்பட்டது தண்ணீர், நிழல், கால் வைக்க இடம், தான் இருக்கும் இடத்தை வெளியே தெரிவிக்க ஒரு போன். பசி அந்தப் பட்டியலில் கடைசி.

அதனால் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். கடைசியாகச் சாப்பிட்டு எத்தனை நாள் ஆகிறது? ஒரு வாரம்கூட ஆகவில்லை என்றால் தோலைப் பற்றிய யோசனையை விடுங்கள். வயிறு கூப்பாடு போடும், தலை சுற்றும், கோபம் வரும், ஆனால் உடம்பு அதன் கொழுப்பை எரித்து ஓடிக்கொண்டிருக்கும். அடுத்து, ஒரு நாளைக்குக் குறைந்தது இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர் உறுதியாகக் கிடைக்கிறதா? இல்லையென்றால், எந்தத் தோலாக இருந்தாலும் சரி, வாயில் வைக்கக் கூடாது. தோலில் இருப்பது வெறும் புரதம். புரதம் உடைந்து வரும் யூரியாவைச் சிறுநீராக வெளியேற்ற உடம்பு தன் தண்ணீரைச் செலவழிக்கும். தாகத்தில் இருப்பவர் புரதம் தின்றால் இன்னும் சீக்கிரம் வற்றிப்போவார்.

இரண்டாம் படி: கையில் இருப்பது என்ன தோல்?

ஒரு நாள் ஓய்வாக இருந்தபோது தூக்கியெறியப்போகும் ஒரு பழைய சட்டியில் இதை நானே செய்து பார்த்தேன். நாய்க்குக் கடிக்கக் கொடுக்கும் எலும்பு வடிவத் தோலில் ஒரு துண்டு, பிய்ந்துபோன கோலாப்பூர் செருப்பின் வாரில் ஒரு துண்டு, என் பழைய கறுப்பு பெல்ட்டில் ஒரு துண்டு. எல்லாம் ஒரு ரூபாய் நாணயம் அளவு.

முதலில் வெட்டு முனையைப் பார்க்க வேண்டும். செருப்பு வார் உள்வரை ஒரே பழுப்பு, கடுக்காய் ஓட்டின் நிறம். மகாராஷ்டிரத்தில் கோலாப்பூர் செருப்புத் தோலை மரபாகப் பட்டையும் கடுக்காயும் போட்டுத்தான் பதனிடுவார்கள். பெல்ட்டின் நடுவே சாம்பலும் நீலமும் கலந்த ஒரு கோடு தெரிந்தது. அது குரோம். இரண்டு மெல்லிய தோலுக்கு நடுவே அட்டையோ பஞ்சோ துணியோ தெரிந்தால் அது ஒட்டுத்தோல் அல்லது ரெக்ஸின், அதாவது பிளாஸ்டிக். காட்டில் சந்தேகம் இருந்தால் ஒரு ஓரத்தைத் தணலுக்குக் காட்டினால் போதும். பிளாஸ்டிக் நாற்றத்தோடு உருகினால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

அடுத்தது கொதிநீர்ச் சோதனை. டேனரிகளிலும் தோல் முழுதாகப் பதப்பட்டுவிட்டதா என்று பார்க்க இதைத்தான் செய்வார்கள். தளதளவென்று கொதிக்கும் தண்ணீரில் போட்ட ஒரு நிமிஷத்துக்குள் செருப்பு வார் வற்றல்போல் சுருண்டு பாதியளவாகி இறுகிவிட்டது. பெல்ட் துண்டு எந்தக் கவலையும் இல்லாமல் தட்டையாகவே கிடந்தது. பட்டைத்தோல் 70, 80 டிகிரியிலேயே சுருங்கும். குரோம் தோல் கொதிநிலையையும் தாங்கும். கொதிக்கும் தண்ணீரில் அசையாத ஒன்று, 37 டிகிரி வயிற்றில் கரையும் என்று நம்ப ஒரு காரணமும் இல்லை.

மூன்றையும் தனித்தனியாக நாலு மணி நேரம் வேகவைத்தேன். நாய்க்கடித் தோல் பொதபொதவென்று வீங்கிக் கரைந்தது. அந்தத் தண்ணீர் ராத்திரி முழுக்க ஆறியபின் தளர்வாக உறைந்திருந்தது. செருப்பு வார் வெந்த தண்ணீர் டீ டிகாஷன்போல் சிவந்தது, உறையவில்லை, அடியில் மண்போல் ஏதோ படிந்தது. டானின் ஜெலட்டினைப் பிடித்துக்கொண்டு அடியில் உட்கார்ந்துவிடும். நாக்கு நுனியில் ஒரு சொட்டு வைத்தேன். பச்சை வாழைக்காயைத் தோலோடு கடித்ததுபோல வாய் முழுவதையும் இழுத்துப் பிடித்தது. பெல்ட் வெந்த தண்ணீரில் சாயமும், எண்ணெய்போல் ஒரு படலமும் மிதந்தன. அதை முகர்ந்து பார்த்ததோடு சரி.

பச்சைத் தோல் காட்டில் எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். பறை, தவில், மிருதங்கம் போன்றவற்றின் மேல் இழுத்துக்கட்டிய தோல் பதனிடாதது. அதைத் தூக்கிக்கொண்டு யாரும் மலையேறுவதில்லை, ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். வழியில் செத்துக் கிடக்கும் மிருகத்தின் தோலை உரிக்கும் எண்ணம் மட்டும் வேண்டவே வேண்டாம். அது அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயில் செத்திருந்தால், உரிக்கும் கை வழியாகவே கிருமி ஏறிவிடும். அதன் வித்துகள் சாதாரணக் கொதியில் சாவதில்லை. பழைய பாடம்செய்த தோல், சுவரில் மாட்டிய மான் தலை போன்றவற்றில் ஆர்செனிக் இருக்கலாம், அவையும் கூடாது.

மூன்றாம் படி: வேறு வழியே இல்லாதபோது சமைக்கும் முறை

ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது, பக்கத்தில் ஓடை இருக்கிறது, நெருப்பு இருக்கிறது, கையிலிருப்பது பச்சைத் தோலோ சாயம் போடாத பட்டைத்தோலோ என்று உறுதியாகத் தெரியும். இந்த நான்கும் சேர்ந்தால் மட்டும் மேலே படியுங்கள். நெருப்பு மூட்டும் இடத்தைச் சுற்றி மூன்று நான்கு அடிக்குப் புல்லையும் சருகையும் வழித்துவிடுங்கள். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் 20 பேருக்கு மேல் கருகிய மலைகள் நம்முடையவை. கோடையில் பசியைவிடத் தீக்குப் பயப்பட வேண்டும்.

உலோகக் கொக்கி, நூல், பசை ஒட்டிய பகுதி, பாலிஷ் ஏறிய மேற்பரப்பு எல்லாவற்றையும் கத்தியால் சுரண்டி எடுங்கள். மினுமினுப்பு போய் உள்நார் வெளிறித் தெரியும்வரை சுரண்ட வேண்டும். பிறகு குறுக்காக, தீக்குச்சி மொத்தத்துக்கு மேல் போகாமல் கீறுங்கள். ஓடும் தண்ணீரில் துணியில் முடிந்து ஒரு நாளாவது ஊறப்போடுங்கள், இரண்டு நாள் என்றால் நல்லது. பிகஃபெட்டாவின் கப்பல்காரர்கள் நாலைந்து நாள் ஊறப்போட்டதை மறக்க வேண்டாம். ஊறியதை ஒரு தட்டைக் கல்லில் வைத்து இன்னொரு கல்லால், அம்மியில் இஞ்சி நசுக்குவதுபோல், நார்நாராகப் பிரியும்வரை நசுக்குங்கள். இந்த வேலையை உட்கார்ந்தபடி, அவசரமில்லாமல் செய்யுங்கள். வியர்க்க வியர்க்க அடித்தால் வருவதைவிடப் போவது அதிகம்.

இனிக் கொதி. பட்டைத்தோல் என்றால் முதல் தண்ணீரை அரை மணி நேரம் கொதிக்கவிட்டுக் கொட்டிவிடுங்கள். இரண்டாவதையும் கொட்டுங்கள். சிவப்பு குறைந்து வெளிறிய பிறகு வரும் தண்ணீரில்தான் வேகவைக்க வேண்டும், சின்ன நெருப்பில் நாலைந்து மணி நேரம். பச்சைத் தோல் என்றால் முடியைப் பொசுக்கிச் சுரண்டிய பின் முதல் தண்ணீரை மட்டும் கொட்டினால் போதும். உப்பு இருந்தால் ஒரு சிட்டிகை போடுங்கள். கடைசியில் துணியில் வடிகட்டி, சாற்றை மட்டும் குடியுங்கள். நார் எவ்வளவு மென்மையாகத் தெரிந்தாலும் விழுங்காதீர்கள். பல நாள் காய்ந்த குடலில் செரிக்காத தோல் துண்டு சிக்கினால் அடைப்பு வரும். அதற்குக் காட்டில் மருந்து கிடையாது, ஆபரேஷன்தான்.

முதல் தடவை அரை டம்ளர். பிறகு நாலு மணி நேரம் சும்மா இருங்கள். வாந்தி, வயிற்றுப் பிடிப்பு, பேதி எது வந்தாலும் அத்தோடு நிறுத்திவிட வேண்டும். பேதியில் போகும் தண்ணீரை அந்தச் சாறு ஈடுகட்டாது. குழந்தைகள், கர்ப்பிணிகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் யாருக்கும் இதைக் கொடுக்கக் கூடாது.

இவ்வளவு பாடுபட்டு என்ன கிடைக்கும்? ஒரு பட்டைத்தோல் பெல்ட் 150 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதிக்கும் குறைவான எடைதான் புரதம். அதை முழுக்கச் செரித்தாலும் 250 கலோரிக்குச் சற்றே மேல், நாலைந்து இட்லி அளவு. நிஜத்தில் செரிப்பது அதில் சின்னப் பங்குதான். விறகு பொறுக்கவும் நெருப்பைக் காக்கவும் அதைவிட அதிகம் செலவாகிவிடும். கொலாஜன் அரைகுறையான புரதமும்கூட, டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் அதில் சுத்தமாக இல்லை. பாரிஸ் மருத்துவமனைகளில் ஏழைகளுக்கு எலும்பு ஜெலட்டின் சூப் ஊற்றிவந்த காலத்தில், பிரெஞ்சு உடலியல் அறிஞர் மஜாந்தி தலைமையிலான குழு அதை ஆராய்ந்து, ஜெலட்டினை மட்டும் கொடுத்தால் நாய்கூடப் பிழைக்காது என்று 1841லேயே அறிக்கை தந்துவிட்டது. 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் எடை குறைக்கத் தோல், தசைநார்க் கழிவிலிருந்து எடுத்த திரவப் புரதத்தை மட்டும் மாதக்கணக்கில் குடித்தவர்கள் பலர் இதயத் துடிப்புக் குழம்பி இறந்தார்கள். தோல் சாறு வயிற்றின் காந்தலைக் கொஞ்சம் தணிக்கும், மனசுக்கு ஒரு தெம்பு தரும். அவ்வளவுக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

பெல்ட் பெல்ட்டாகவே இருந்தால்

முறிந்த கைக்குத் தூளியாகவும், முறிந்த காலோடு ஒரு கொம்பைச் சேர்த்துக் கட்டவும் பெல்ட் போல் வேறெதுவும் உதவாது. பளபளக்கும் கொக்கியை வெயிலில் ஆட்டினால் தூரத்து மலையிலிருந்து பார்ப்பவருக்கு மின்னல் தெரியும். ஷூவைத் தின்றுவிட்டு வெறுங்காலோடு மலை இறங்கவும் முடியாது.

பையில் வேறு என்ன வைப்பது என்று கேட்டால் நான் எப்போதும் சொல்வது கடலைமிட்டாய். கோவில்பட்டியோ எந்த ஊரோ, 200 கிராம் பொட்டலத்தில் 900, 1000 கலோரி வந்துவிடும், நெருப்பு வேண்டாம், ஊறப்போட வேண்டாம். கூடவே ஒரு விசில், இரண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலம், நீர் சுத்திகரிக்கும் குளோரின் மாத்திரை. போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். நீங்கள் வரவில்லை என்று அவர் எப்போது போலீசுக்கும் வனத்துறைக்கும் சொல்கிறாரோ, அப்போதுதான் தேடுதலே தொடங்கும்.

மீட்கப்பட்ட பிறகு

ஃபிராங்க்ளின் குழுவுக்கு உணவோடு ஆட்கள் வந்தார்களே, அன்று அவர்கள் அளவு மீறிச் சாப்பிட்டு வயிற்று வலியால் துடித்தார்கள். அதிகம் சாப்பிடக் கூடாது என்று மற்றவர்களை எச்சரித்த டாக்டர் ரிச்சர்ட்சனாலேயே கையைக் கட்டுப்படுத்த முடியவில்லை. பல நாள் பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று சோறும் சர்க்கரையும் போய் இறங்கினால் ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரசரவென்று குறையும், இதயமே நின்றுபோகலாம். ஐந்து நாளுக்கு மேல் சாப்பிடாதவர் என்றால் பாசத்தில் பிரியாணிப் பொட்டலத்தை நீட்டாதீர்கள். உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரோ ஓ.ஆர்.எஸ்.ஸோ சிறிது சிறிதாகக் கொடுத்துக்கொண்டே 108ஐ அழையுங்கள்.

மருத்துவமனையில் முதலில் சொல்ல வேண்டியது எத்தனை நாள் சாப்பிடவில்லை என்பது. குளுக்கோஸ் ஏற்றும் முன் வைட்டமின் பி1 போட வேண்டுமா என்று மருத்துவர் அதை வைத்துத்தான் முடிவெடுப்பார். இரண்டாவது, தோலோ வேறு எதுவோ தின்றிருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். மிச்சத் துண்டு பையில் இருந்தால் தூக்கியெறியாமல் கொண்டுபோய்க் காட்டுங்கள். அது குரோமா பட்டையா என்று வெட்டு முனையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். குரோம் என்றால் சிறுநீரகப் பரிசோதனையும் சேர்த்துச் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.